காதண்ணையும் கிணற்றடி மைக்கும்

குருநகரில் வெட்கம் என்ற ஒன்று இல்லாமல் பிறந்த ஒரே மனிதர் காதண்ணைதான். அவருக்கு வரவேண்டிய வெட்கம் முழுவதையும் பக்கத்தில் நின்ற நான் பட்டுத் தீர்த்தேன்.

பாட்டு ஒலிப்பதிவு அவர் தொழில். மைக் வைக்க இடம் பார்க்க, ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மற்றக் காதைப் பாடுகிறவரின் வாய்க்கு முன்னால் கொண்டுபோவார். குனிவார், முழந்தாளிடுவார், சுற்றி வருவார். பாட வந்த கன்னியாஸ்திரி ஒருவர் பயந்து சிலுவை போட்டுக்கொண்டார். "சிஸ்டர், பயப்பிடாமல் பாடுங்கோ. நான் ஆளில்லை, காது மட்டும்தான்" என்றார் இவர்.

கோயில் திருநாளுக்கு ஒரு பாட்டுப் பதிய வேண்டியிருந்தது. பாடுவது நான். ட்ரம்பெற் ஊத வந்தவர் எனக்குக் கலியாணப் பேச்சுக்காலில் இருந்த பெண்ணின் தகப்பன். "அப்பா உங்களை எடைபோடத்தான் வாறார், கவனம்" என்று அவள் காலையிலேயே வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள்.

காதண்ணை ட்ரம்பெற்றின் வாயில் காதை வைத்தார். என் வருங்கால மாமா ஊதினார். அண்ணை துள்ளி விழுந்தார்.

"உது கிட்ட வைக்கிற சாமான் இல்லை. நிப்பாட்டாமல் ஊதுங்கோ!"

காதைப் பொத்தியபடி பின்பக்கமாகவே நடந்து, கதவு தாண்டி, முற்றம் தாண்டி, பக்கத்து வீட்டுக் கிணற்றடிக்கே போய்விட்டார். உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த அன்ரி வாளியைத் தூக்கினார்.

"ஆரடா அவன்?"

"கோபிக்காதேங்கோ அன்ரி, இஞ்சைதான் சத்தம் நல்லா வருது. தம்பி, மைக்கைக் கொண்டா!"

அன்ரியின் ஈரப் பாவாடைகளுக்கு நடுவே கொடியில் மைக் தொங்கியது. மாமா என்னைப் பார்த்தார்.

"உவரோடையோ தம்பி நீர் திரியிறனீர்?"

முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது என் முறை. மாமா கால்மேல் கால் போட்டு எதிரில் உட்கார்ந்தார். மைக்கைக் கண்டதும் என் குரல் தொண்டைக்குள் நின்றுவிட்டது. தொடங்குவேன், இருமுவேன். மாமா மணிக்கூட்டைப் பார்ப்பார். பெண் கைநழுவிப் போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

காதண்ணை வந்து மைக்கின் வயரைக் கழற்றினார்.

"இண்டைக்கு உனக்கு வராது, விடு. நான் மாமாவுக்குத் தேத்தண்ணி போடுறன். நீ உன்ரைபாட்டிலை பாட்டைப் படிச்சுக்கொண்டு நில்."

பதிவுதான் இல்லையே என்று கண்ணை மூடிக்கொண்டு முழுப்பாட்டையும் பாடினேன். கண்ணைத் திறந்தால் தேத்தண்ணியைக் காணவில்லை. தலைக்கு மேலே, விசிறிக் கொக்கியில் இன்னொரு மைக் தொங்கிக்கொண்டிருந்தது.

"நெத்திக்கு மேலை வைச்சால் மைக்கிலை மூச்சு அடிக்காது" என்றார் காதண்ணை. "பயந்த ஆளுக்குத் தெரியவும் தெரியாது."

மாமா மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஞாயிறு வீட்டை வாரும், கதைப்பம்" என்றார்.

அந்தப் பாட்டைத் திருநாளில் ஒலிபெருக்கியில் போட்டபோதும் கூச்சத்தில் நான் தலை நிமிரவில்லை. காதண்ணை இன்றும் போகிற இடமெல்லாம் என் மானத்தை வாங்குகிறார். ஆனாலும் வேறு ஸ்ரூடியோக்காரர் பாடக் கூப்பிட்டால், தொண்டை சரியில்லை என்று பொய் சொல்லிவிடுகிறேன். அவர் வைக்காத மைக்குக்கு முன்னால் எனக்குப் பாட்டு வராது.