கிருமி நீக்கிய கூறை

விதிமுறை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் மனத்தின் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கும்: இது மற்றவர்களுக்கு. அதை நாங்கள் வெளியே சொல்வதில்லை. மாறாக, கூட்டங்களில் "நான் உட்பட எல்லோருக்கும்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துப் பேசுவோம். கேட்பதற்கு அழகாக இருக்கும். அந்த அழகான வார்த்தைதான் ஒருநாள் என் மகனின் கலியாணக் கூறையை விழுங்கியது.

அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வெளிநாட்டு உதவியில் வந்த ஒரு பொதுச் சுகாதாரச் செயற்றிட்டத்துக்கு என்னை முகாமையாளராகப் பிடித்துப் போட்டார்கள். தாபன விதிக்கோவையையும் நிதிப்பிரமாணத்தையும் நித்திரையிலும் ஒப்புவிக்கக்கூடிய ஆள் என்று என்னைப் பற்றி ஒரு பெயர் இருந்தது. (பெயரைப் பரப்பியதும் நான்தான்.) வைத்தியசாலைக் கழிவுகளை வகை பிரித்து, கிருமி நீக்கி, ஆபத்தில்லாமல் அகற்றப் பழக்குவது வேலை. அயலில் யாரும் கேட்டால் என் மனைவி சரோ, "இவர் இப்ப சர்வதேச அபிவிருத்தியிலை இருக்கிறார்" என்பாள். குப்பை என்ற சொல் அவள் வாயில் ஒருபோதும் வந்ததில்லை.

வலிகாமத்தில் ஒரு ஆதார வைத்தியசாலையில்தான் எங்கள் முதல் இயந்திரத்தைப் பொருத்தினோம். ஒரு சிறிய அறையளவு உருக்கு உருளை. தொற்றுக் கழிவுப் பைகளை உள்ளே அடுக்கிக் கதவைப் பூட்டினால், கொதிநீராவி உயர் அழுத்தத்தில் பாய்ந்து கிருமிகளைக் கொல்லும். அதன் பிறகு பைகள் பக்கத்திலுள்ள அரைக்கும் இயந்திரத்துக்குப் போய்ச் சுக்குநூறாகும். நான் அதற்கு மூன்று சொற்களில் ஒரு கலைச்சொல் உண்டாக்கிக் கொடுத்தேன். இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட நாகராசா அண்ணை அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புட்டுப்பானை" என்றார். என் கலைச்சொல் அன்றைக்கே இறந்துவிட்டது.

பிரச்சினை இயந்திரத்தில் இல்லை, பையில் இருந்தது. தொற்றுக் கழிவுக்கு மஞ்சள் பை என்பது விதி. வந்த பைகளோ தடித்த, பளபளப்பான, மழைக்கு ஒழுகாத அருமையான பைகள். எங்கள் ஆட்கள் நல்ல பையொன்றை எறிந்ததாகச் சரித்திரம் இல்லை. சேலைக்கடைப் பை முதல் வெளிநாட்டுச் சொக்கிலேற்றுப் பை வரை மடித்து மெத்தைக்குக் கீழே வைக்கும் சமூகம் நாங்கள். ஒரு மாதத்துக்குள் மஞ்சள் பைகளில் முருங்கைக்காய் சந்தைக்குப் போனது. ஒரு தாதி மத்தியானச் சாப்பாட்டையே அதில் கொண்டுவந்தார். உடுப்பிட்டிப் பக்கம் ஒரு கோயில் வாசலில், தொற்று அபாயச் சின்னம் பொறித்த பைக்குள்ளிருந்து ஒருவர் அருச்சனைத் தட்டை எடுத்ததை என் கண்ணாலே கண்டேன்.

அன்றைக்கே விதி எழுதினேன். மஞ்சள் பையை எங்கே கண்டாலும் திறக்கக்கூடாது. உலுப்பக்கூடாது. யாருடையது என்று விசாரிக்கக்கூடாது. கட்டி, நாடா ஒட்டி, நேரே புட்டுப்பானைக்குக் கொண்டுபோக வேண்டும். பயிற்சி வகுப்பில் மேசையில் தட்டிச் சொன்னேன்: "உள்ளுக்கு வேறை சாமான் இருக்கு எண்டு ஆர் சொன்னாலும் நம்பாதையுங்கோ. நானே வந்து கெஞ்சினாலும் நம்பாதையுங்கோ!"

அத்துடன் விட்டிருக்கலாம். நான் விடவில்லை. ஒருநாள் திடீரென்று நோயாளர் வாட்டுக்குள் போய், "ஐயோ, என்ரை மூக்குக்கண்ணாடி அந்த மஞ்சள் பைக்குள்ளை விழுந்திட்டுது" என்று பதறினேன். ஒரு தாதிப் பிள்ளை பாவம் பார்த்துப் பையைத் திறந்தாள். நான் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அரை மணித்தியாலம் பேசினேன். பக்கத்தில் நின்ற தலைமைத் தாதி, மேற்றன் பரமேஸ்வரி, அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அந்த அம்மா ஒன்றைக் கவனமாகக் கேட்டுக்கொண்டால் என்ன நடக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.

இனி அந்த நாள். கார்த்திகை மாதம், விடாத மழை. மகனுக்குக் கலியாணம், இரண்டே நாள் இருந்தது. எங்களில் கூறைச்சேலை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. மணப்பெண் துளசி கடை கடையாக ஏறி இறங்கித் தானே தெரிவுசெய்த அரக்குப் பட்டு. அதற்கு உடுவிலில் ஒரு தையற்காரப் பிள்ளையிடம் கரை அடிக்கக் கொடுத்திருந்தோம். பின்னேரம் பிள்ளையார் கோயிலில் தாலியோடு வைத்துப் பூசை செய்ய வேண்டும். காலையில் அதை எடுத்துவரும் பொறுப்பு எனக்கு.

அதே நாளில்தான் உதவி கொடுத்த நாட்டிலிருந்து மதிப்பீட்டு அம்மையாரும் வருகிறார். அவர் நல்லதாக எழுதினால் இன்னும் பல வைத்தியசாலைகளுக்கு இயந்திரம் வரும். இல்லாவிட்டால் நாகராசா அண்ணை உட்பட எல்லோரும் வீட்டுக்கு.

"இஞ்சாருங்கோ, மழைக்கை கூறையை எதுக்குள்ளை கொண்டு வரப்போறியள்?" என்றாள் சரோ.

"ஏதும் ஒரு பை தாவன்."

அலுமாரியைத் திறந்து, மடிப்புக் குலையாத ஒன்றை நீட்டினாள். மஞ்சள். (மாதிரிக்கென்று ஒரு கட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். முகாமையாளருக்கு மாதிரி பார்க்கும் கடமை உண்டு.)

"உதிலையோ?" என்று ஒரு கணம் தயங்கினேன்.

"ஏன், புதுப் பைதானே? ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகாது."

சரியான நியாயம். முருங்கைக்காய்க்காரரும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

உடுவிலில் கூறையை வாங்கி, கடதாசியில் சுற்றி, பைக்குள் வைத்து, வாயை இறுக்கி முடிந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தேன். மேற்றனின் கந்தோர் அறையில் ஆள் இல்லை. பையை அவருடைய கதிரையில் பத்திரமாக வைத்தேன். அதற்குள் வாசலில் வாகனச் சத்தம். அம்மையார் வந்துவிட்டார். ஓடினேன்.

நான் அவருக்கு வாட்டுகளைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மேற்றன் கந்தோருக்குத் திரும்பியிருக்கிறார். மதிப்பீடு நடக்கும் நாளில், தன் கதிரையில், கட்டிய மஞ்சள் பை! அவர் அதைத் திறக்கவில்லை. உலுப்பவில்லை. யாருடையது என்று விசாரிக்கவில்லை.

இயந்திர அறைக்கு அம்மையாரோடு நுழைந்தபோது நாகராசா அண்ணை கடைசிப் பையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். மேற்றன் பக்கத்தில் நின்றார். அந்தப் பையின் முடிச்சைப் பார்த்தேன். வைத்தியசாலையில் யாரும் அப்படி முடிச்சுப் போடுவதில்லை. அது நான் வேட்டி மூட்டை கட்டும் முடிச்சு.

"மேற்றன்," என்றேன் மெல்ல, "அந்தப் பை என்ரை. அதுக்குள்ளை மோன்ரை கலியாணக் கூறை இருக்கு."

மேற்றன் என்னை ஆற அமரப் பார்த்தார். "ஓம் சேர். போன முறை மூக்குக்கண்ணாடி. இந்த முறை கூறையோ?"

"உண்மையாச் சொல்லுறன்!"

"அப்பவும் உப்பிடித்தான் சொன்னனீங்கள்."

"பிள்ளையார் சத்தியமா!"

நாகராசா அண்ணை கதவில் கையை வைத்தபடி என்னை உற்றுப் பார்த்தார். "மேற்றன், சேருக்குக் கண்ணும் கலங்குது. போன முறையை விட இது திறம்."

என்ன நடக்கிறது என்று அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார். மேற்றன் நல்ல ஆங்கிலத்தில் விளக்கினார்: எங்கள் முகாமையாளர் அடிக்கடி எங்களை இப்படிச் சோதிப்பார், பையைத் திறக்கும்படி கெஞ்சுவார், ஆனால் அவரே கெஞ்சினாலும் திறக்கக்கூடாது என்பதுதான் அவர் போட்ட விதி.

அம்மையார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "உண்மையாகவா?" என்று என்னிடம் கேட்டார்.

இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்று: "இல்லை அம்மா, தொற்றுக் கழிவுப் பைக்குள் மருமகளின் கூறையைப் போட்டு வந்தது நான்தான்." அப்படிச் சொன்னால் கூறை தப்பும், செயற்றிட்டம் போகும். மற்றது: ஆம். நான் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன். அந்த இடைவெளியில் நாகராசா அண்ணை கதவை அடைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். நீராவி சீறியது. இனிச் சுற்று முடியும்வரை அந்தக் கதவை யாராலும் திறக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு வசதி இருந்தே ஆகவேண்டுமென்று இயந்திரம் வாங்குவதற்கான கேள்விப்பத்திரத்தில் வற்புறுத்தி எழுதியது யாரென்று சொல்லத் தேவையில்லை.

"ஆம்," என்றேன்.

அதன் பிறகு அந்த உருளைக்குப் பக்கத்தில் நின்று, வெப்பநிலை பற்றியும் அழுத்தம் பற்றியும் நான் கொடுத்த விளக்கம் மிகவும் உணர்ச்சிகரமாக இருந்ததாக அம்மையார் பின்னர் சொன்னார். ஏறிக்கொண்டிருந்த அழுத்தமானி முள்ளை விட்டு என் கண் எடுபடவில்லை. இடையில் சரோவின் தொலைபேசி.

"என்னப்பா, கூறை எடுத்தாச்சோ?"

"ஓம்."

"நனையேல்லைத்தானே?"

"மழையிலை நனையேல்லை."

நம்பிக்கை ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதையும் விதிதான் தந்தது. பையில் ஒட்டும் நாடாவில் சூடு சரியாக ஏறினால் கறுத்த கோடுகள் தோன்றும். நாடா கறுத்த பை தொற்றுக் கழிவு அல்ல. அதை அரைப்பதற்கு முன் முகாமையாளர் தரப் பரிசோதனைக்குத் திறந்து பார்க்கலாம். என் முழு வாழ்க்கையிலும் ஒரு உபபிரிவை அவ்வளவு அன்போடு நினைத்ததில்லை.

கதவு திறந்தது. என் முடிச்சுப் போட்ட பையை எடுத்து மேசையில் வைத்தேன். "விதிப்படி, தரப் பரிசோதனை," என்றேன். மேற்றன் நாடாவைப் பார்த்தார். கறுத்திருந்தது. "ஓம், விதியிலை இருக்கு," என்றார்.

முடிச்சை அவிழ்த்தேன். ஆவி எழுந்தது. ஆவிக்குள்ளிருந்து, கூழாகிப்போன கடதாசியோடு, சுருங்கிச் சுருண்டு, நல்லெண்ணெயில் வதக்கிய கத்தரிக்காயின் நிறத்தில், கூறை வந்தது.

நாகராசா அண்ணை தலையில் கையை வைத்தார். மேற்றனின் வாய் முதல்முறையாகப் பிளந்தது. "ஐயோ சேர்... மெய்யோ?"

அம்மையார் குனிந்து சரிகையைத் தொட்டுப் பார்த்தார். "சோதனைக்கு உண்மையான பட்டுச்சேலையையா வைத்தீர்கள்?"

எனக்காக மேற்றன்தான் பேசினார். "எங்கட சேர் எதையும் அரைகுறையாச் செய்யமாட்டார், மேடம்." (அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது குரல் நடுங்கியது. அழுகையா சிரிப்பா என்று நான் ஆராயவில்லை.)

அறிக்கை பிரமாதமாக வந்தது. இயந்திரங்களும் வந்தன. ஆனால் அன்று பின்னேரம் வெதுவெதுப்பான ஒரு மூட்டையோடு வீட்டுப் படலையைத் திறந்தவனுக்கு அதெல்லாம் தெரியாது. சரோ கூறையை விரித்துப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். பையை எடுத்துத் தந்தவள் தான்தான் என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், ஏச ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, "இப்ப துளசிக்கு ஆர் சொல்லுறது?" என்றாள்.

நான்தான் சொன்னேன். அரியாலையில் அவர்கள் வீட்டு விறாந்தையில், மழைச் சத்தத்துக்கு மேலாக, ஒன்றையும் விடாமல் சொன்னேன். புதுச்சேலை உடனே எடுக்கலாம் என்றும் சொன்னேன். துளசியின் தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துளசி சேலையைக் கையில் எடுத்து மோந்து பார்த்தாள். அவளுடைய உதடு துடித்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

"மாமா," என்றாள், "பூசை வைச்ச கூறை எல்லாரும் கட்டுகினம். ஒரு கிருமியும் இல்லாத கூறை ஆர் கட்டினவை?" சொல்லி முடிக்குமுன் சிரிப்பு வெடித்துவிட்டது. தாயாரும் சேர்ந்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அதையேதான் கட்டினாள். சேலை சுருங்கியிருந்ததால் கணுக்கால் தெரிந்தது. படம் பிடித்தவர் ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் கீழை இழுங்கோ" என்றார். இழுக்க அங்கே சேலை இல்லை. கனடாவிலிருந்து வந்த என் மச்சாள் அந்தச் சுருக்கங்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது இப்பத்தையப் புது விதமோ? எந்தக் கடை?" என்று கேட்டார். கடையின் பெயரைச் சரோ சொல்லவில்லை. இன்றைக்கும் தேடுகிறாராம்.

செயற்றிட்டம் முடிந்து நான் விடைபெற்ற நாளில், மண்டபம் நிறைந்திருக்க, மேற்றன் பரமேஸ்வரி என் கையில் ஒரு அன்பளிப்பைத் தந்தார். கட்டிய மஞ்சள் பை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் திறக்கவில்லை. விதி விதிதான்.

"சேர், நாடாவைப் பாருங்கோ," என்றார் மேற்றன்.

கறுத்திருந்தது. திறந்தேன். உள்ளே ஒரு பட்டு வேட்டி. புட்டுப்பானையில் முழுச் சுற்றும் போய், கூறை சுருங்கிய அதே சுருக்கம். நாகராசா அண்ணை பின்னால் நின்று, "சேர், சோடி சேர்த்துவிட்டிருக்கிறம்," என்றார்.

ஒவ்வொரு வருடமும் மகனின் கலியாண நாளுக்குத் துளசி அந்தக் கூறையைக் கட்டுவாள், நான் அந்த வேட்டியைக் கட்டுவேன். இரண்டும் கணுக்காலுக்கு மேலேதான் நிற்கும். காலையில் அவள் பனையோலை நீத்துப்பெட்டியில் புட்டு அவிக்க வைத்துவிட்டு, குசினிக்குள்ளிருந்து கூப்பிடுவாள்:

"மாமா, உள்ளுக்கு உங்கட சாமான் ஏதும் இருந்தா இப்பவே சொல்லுங்கோ. ஆனா நான் நம்பமாட்டன்."