நாற்காலிக்கு வாடகை

“மாமா, உங்க கடையில இந்தக் கார் நாற்காலிதான் நஷ்டம்” என்றார் மாப்பிள்ளை, நோட்டை மூடிக்கொண்டே.

முடிதிருத்தும் கடைக்காரரின் கத்தரி பாதி வெட்டில் நின்றது. கடையில் நாலு நாற்காலி. முடிவெட்ட ஒன்று, சவரத்துக்கு ஒன்று, சாயம் பூச ஒன்று. நாலாவது, குழந்தைகளுக்காகக் கார் வடிவில் செய்தது. ஸ்டியரிங் கூட உண்டு. அதில் வேலை பார்த்த ஆளை எல்லோரும் ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். விசிலடித்தே பிள்ளைகளின் தலையை ஆடாமல் நிறுத்திவிடுவார்.

“எப்படி நஷ்டம், மாப்ள?”

“வாடகை பன்னிரண்டாயிரம். நாலு நாற்காலி. ஒண்ணுக்கு மூவாயிரம். கார்ல, ஆள் பங்கு போக உங்களுக்கு வர்றது ரெண்டாயிரம். மாசாமாசம் ஆயிரம் கையை விட்டுப் போகுது.”

மாப்பிள்ளை பெரிய கம்பெனியில் செலவுக் கணக்குப் பிரிவின் தலைவர் என்று பார்த்துத்தான் பெண்ணைக் கொடுத்திருந்தார். மறுத்துப் பேச முடியுமா? கடைக்காரர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் முணுமுணுத்தார்.

“மூச்சு விடாதீங்க” என்றாள் அவள். “அவர் முகம் சுண்டிப்போனா நம்ம பொண்ணுக்குத்தான் கஷ்டம்.”

விசில் போனார். கார் நாற்காலி வீட்டுக் கூடத்துக்கு வந்தது.

“இதை இங்க வெச்சா சோபாவை எங்க போடறது?”

“உன் மாப்பிள்ளையைக் கேளு.”

அடுத்த மாதம் நோட்டு மறுபடி திறந்தது.

“இப்ப மூணு நாற்காலி, மாமா. ஒண்ணுக்கு நாலாயிரம் வாடகை. சவரத்துல வர்றது மூவாயிரத்து ஐநூறு. நஷ்டம்.”

“போன மாசம் வரைக்கும் அது லாபத்துலதானே இருந்துச்சு?”

“அது போன மாசம், மாமா.”

சவர நாற்காலியும் கூடத்துக்கு வந்தது. மனைவி அதில் சாய்ந்து டிவி பார்க்க ஆசைப்பட்டு ஏதோ ஒரு பிடியை இழுத்தாள். தலை கீழே போக, கால் இரண்டும் மேலே போயின.

“ஐயையோ, என்னை இறக்குங்க! சிரிக்காதீங்க, இறக்குங்க!”

அதற்கடுத்த மாதம் ரெண்டே நாற்காலி. தலைக்கு ஆறாயிரம் வாடகை. சாயத்தில் வந்தது ஐயாயிரம்.

“நஷ்டம்னு சொல்லப்போறீங்க” என்றார் கடைக்காரர்.

“நான் சொல்லலை மாமா, கணக்கு சொல்லுது.”

சாய நாற்காலியும் வந்து சேர்ந்ததும், தெருவில் போன ஒருத்தர் கூடத்தை எட்டிப் பார்த்து, “சவரத்துக்கு எவ்வளவுங்க?” என்று கேட்டார். மனைவி கதவைப் படாரென்று சாத்தினாள்.

கடையில் நாலு கண்ணாடி, ஒரே ஒரு நாற்காலி. அவர்கள் சாப்பாடு அந்தக் கடையை நம்பித்தான். மாதக் கடைசியில் மாப்பிள்ளை அவர் தோளைத் தொட்டார்.

“மனசைத் தேத்திக்கங்க, மாமா. வாடகை மொத்தமும் இப்ப இந்த ஒத்தை நாற்காலி தலையில. வர்றது எட்டாயிரம். நாலாயிரம் நஷ்டம்.”

“அதனால?”

“இதையும் எடுத்துட்டா நஷ்டமே இருக்காது.”

அந்த நேரம் பார்த்து வாடகை வாங்கக் கட்டிடக்காரர் உள்ளே வந்தார்.

“ஏங்க, மூணு நாற்காலி குறைஞ்சிருக்கு” என்றார் கடைக்காரர் ஈனக் குரலில். “வாடகையில ஏதாவது…”

“நான் இடத்துக்கு வாடகை வாங்கறேனா, நாற்காலிக்கு வாங்கறேனா? பன்னிரண்டாயிரத்தை எடுங்க.”

கடைக்காரர் சவர நுரையைத் தொட்டுக் கண்ணாடியில் எழுத ஆரம்பித்தார்.

“கார் போச்சு. வாடகையில குறைஞ்சது சைபர், வரவுல குறைஞ்சது ரெண்டாயிரம். சவரம் போச்சு. வாடகை சைபர், வரவு மூவாயிரத்து ஐநூறு. சாயம், ஐயாயிரம். முன்னாடி வாடகை குடுத்தும் ஆறாயிரத்து ஐநூறு என் கையில நின்னுச்சு மாப்ள! நாற்காலி போனா எது மிச்சமாகும்னு பாக்காம இது என்னய்யா கணக்கு?”

“அதுவந்து மாமா… பகிர்வு முறைப்படி…”

“உங்க முறையை உங்க ஆபீஸோட வெச்சுக்கங்க! இனி இந்தக் கடைப் பக்கம் வராதீங்க!”

மாப்பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் முதல் வேலையாக விசிலுக்குப் போன் போட்டு, நாளைக்கே வரச் சொன்னார். அப்புறம்தான் உறைத்தது. திட்டியது யாரை? பெண்ணுக்குப் போன் போட்டார்.

“அம்மாடி, கோவத்துல மாப்பிள்ளையை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். நாளைக்கு அவர் ஆபீஸ் கிளம்பறப்ப, அப்பா மன்னிப்பு கேட்டார்னு சொல்லும்மா.”

“எந்த ஆபீஸ்ப்பா? இதே கணக்கைத்தான் அங்கயும் போட்டாரு. நஷ்டம்னு வந்தது அவரோட பிரிவு. அவரே கையெழுத்துப் போட்டு மூடிட்டு வந்து அஞ்சு மாசம் ஆச்சு.”