மண்டையொளியாரின் செப்புக் கிரீடம்

மாடிப்படி முழுக்க மனிதத் தலை. பேயோட்டும் மண்டையொளியார் மூன்றாம் மாடியில் இருந்தார். லிஃப்ட் இருந்தும் ஒருவரும் அதில் ஏறவில்லை. படியேறினால் பலன் அதிகம் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். சொன்னவருக்கு முழங்கால் வலி கிடையாது போலும்.

வித்தை எளிது. ஒளியார் உங்கள் தலையில் செப்புக் கிரீடம் வைப்பார். அதில் சிவப்பு விளக்கு எரிந்தால் அலைபேய். எதையும் முடிக்க விடாது. நீலம் எரிந்தால் உம்மணாமூஞ்சிப் பேய். முகம் பார்த்துப் பேச விடாது. இரண்டும் எரிந்தால் காணிக்கையும் இரண்டு. மொத்தமாக வாங்கினாலும் பேய்க்குத் தள்ளுபடி இல்லை.

அக்கா தன் தம்பியை இழுத்து வந்திருந்தாள். நாற்பதை நெருங்கும் லிஃப்ட் மெக்கானிக். அவனுக்கு ஏ.டி.எச்.டி.யோடு ஆட்டிசமும் இருப்பதாக மருத்துவர் போன மாதம்தான் கண்டு சொன்னார். மாத்திரை, இரைச்சலை அடக்கும் ஹெட்போன், வேலையை ஒவ்வொன்றாக எழுதித் தரும் மேலாளர். இந்த மூன்றால்தான் அவன் வேலை தப்பியது.

வாசலிலேயே கட்டளை: மாத்திரையும் ஹெட்போனும் குப்பைக்கூடைக்கு. அக்கா போட்டேவிட்டாள்.

"அக்கா, அது இல்லாம நாளைக்கு நான் வேலைக்குப் போக முடியாது."

"வாயை மூடிக்கிட்டு உக்காருடா. ஐயா பாத்துக்குவார்."

ஹெட்போனைப் பிடுங்கியதுதான் ஒளியார் செய்த தவறு.

பதினோரு பேருக்குப் பின் இவன் முறை. இரு விளக்கும் எரிந்தன.

"ரெண்டும் இருக்கு!" என்றார் ஒளியார்.

"அது டாக்டரே சொல்லிட்டார். ஆனா முதல்ல டிக்னு கேக்குது, அப்புறம்தான் லைட் எரியுது. பதினோரு தடவையும் உங்க கால் கட்டைவிரல் கம்பளத்தை அழுத்துச்சு. இடதுன்னா சிவப்பு, வலதுன்னா நீலம்."

"என் கால் மண்ணோட சக்தியை இழுக்குதப்பா!"

"மூணாவது மாடியில மண்ணு ஏதுங்க?"

கிரீடத்தைக் கழற்றிப் பக்கத்திலிருந்த தண்ணீர்க் குடுவைமேல் வைத்தான். "எழுந்திரிங்க. அக்கா, இவர் கால் வச்ச இடத்துல நீ ரெண்டு காலாலயும் மிதி."

"பாவம் வந்துடும்டா."

"ஒரே தடவைக்கா."

மிதித்தாள். டிக், டிக். குடுவைக்கு இரட்டைப் பேய்!

அக்கா கூடையைக் கவிழ்த்து, ஹெட்போனைத் தேடியெடுத்துத் துடைத்து, மாத்திரையோடு அவனிடம் நீட்டினாள். "வீட்டு வேலையையும் எழுதித் தரட்டுமாடா?"

"ஒவ்வொண்ணா எழுதுக்கா."

கூட்டம் கலைந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? வரிசையில் நின்ற ஒருவர் பயபக்தியோடு கேட்டார்: "அந்தக் குடுவைத் தண்ணி ஒரு மடக்குக் கிடைக்குமா?"

அவருக்கு எந்தக் குறையும் இல்லையாம். யோசிக்க மட்டும் நேரமில்லை. உங்களுக்காவது இருக்கிறதா?