சோதனைச்சாவடியில் ஓடாத வண்டி

பொறியியல் படித்தவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையை ஒரே காலைப்பொழுதில் தகர்த்தவள் நான். அதுவும் துப்பாக்கி ஏந்தியவர்கள் முன்னிலையில்.

இலங்கையில் யுத்த காலம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மெகட்ரோனிக்ஸ் மூன்றாம் வருடம். (இயந்திரத்துக்கு மூளை வைக்கிற படிப்பு என்று உறவினர்களிடம் பீற்றிக்கொள்வேன்.) தரையில் போட்ட வெள்ளைக் கோட்டைப் பார்த்து அதன்மேல் தானாக ஓடும் சின்ன வண்டியொன்றை நாவலப்பிட்டி வீட்டில் செய்து முடித்து, மதிப்பீட்டு நாளன்று அப்பாவோடு பஸ்ஸில் கொண்டுபோனேன்.

வழியில் சோதனைச்சாவடி. எல்லோரும் இறங்கினோம். என் பையைத் திறந்த இராணுவக் கோப்ரல் இரண்டடி பின்வாங்கினார். உள்ளே வயர்களும் டேப் சுற்றிய பெட்டரிகளும். பஸ்ஸில் வந்தவர்கள் பத்தடி பின்வாங்கினார்கள். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் கோப்ரலின் முகம் இன்னும் இறுகியது.

"என்ன நங்கி இது?" என்று சிங்களத்தில் கேட்டார். (நங்கி என்றால் தங்கச்சி.)

"மெகட்ரோனிக்ஸ்," என்றேன். (அது வெடிமருந்தின் பெயர் மாதிரி ஒலிப்பதை அப்போதுதான் கவனித்தேன்.)

அப்பாதான் சிங்களத்தில் சமாளித்தார். "கோட்டப் பாத்து ஓடுற வண்டி, சார். எம்மக செஞ்சது."

பெட்டரிகளைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு, "மாட்டி ஓட்டிக் காட்டு," என்றார் கோப்ரல்.

அவசர அவசரமாக மாட்டி, ரோட்டின் வெள்ளைக் கோட்டில் வைத்து சுவிட்சைப் போட்டேன். அசையவில்லை. ஓடினால் நான் மாணவி. ஓடாவிட்டால் நான் யார் என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். சென்சரில் வெயில் படுகிறது, மோட்டாருக்கு மின்னோட்டம் போதவில்லை என்று என்னென்னவோ உளறினேன்.

கோப்ரல் குனிந்து பார்த்தார். "நங்கி, ஒரு பெட்டரி தலைகீழா கெடக்கு."

அவரே திருப்பிப் போட்டார். வண்டி கோட்டோடு விறுவிறுவென்று ஓடியது. மூன்று இராணுவ வீரர்கள் பின்னால் ஓடிப் பிடித்தார்கள். பத்தடி தள்ளி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"இதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?" என்று கேட்டார் கோப்ரல்.

"ஃபேக்டரில மெஷின் நின்னுட்டா ஓட வைக்கிற வேல, சார்," என்றார் அப்பா பெருமையோடு.

கோப்ரல் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அங்க பெட்டரி போட யாராச்சும் கூட இருப்பாங்களா?"

அன்றைய மதிப்பீட்டில் தேறிவிட்டேன். இன்று ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பொதிகட்டும் இயந்திரக் கைகளெல்லாம் என் பொறுப்பு. ஆனால் இந்தக் கதையை அப்பா பெண் பார்க்க வந்தவர்களிடமே சொல்லிவிட்டார். வீட்டில் டிவி ரிமோட் நின்றுபோனால் என் கணவர் அதை என்னிடம் தருவதில்லை.

"அப்பிடியே வைங்க மாப்பிள்ள," என்பார் அப்பா. "கோப்ரல் வரட்டும்."