வாகீசன் கார் எடுத்தார்

வாகன நெரிசலைத் திட்டுவோர் என்றொரு இனம் உண்டு. இவர்கள் நெரிசலை உண்டாக்குவதே இல்லை. பாவம், அதில் மாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

வேலணை வாகீசனைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் உத்தியோகம். கார் வாங்கிய நாளிலிருந்து, வீட்டு ஒழுங்கை முகப்பில் நின்று ஏற்றிப்போகும் பஸ் அவர் கண்ணில் படுவதே இல்லை. காலையில் காரைக் கழுவி, துடைத்து, கண்ணாடியைத் திருப்பித் தலைமயிரையும் ஒருமுறை சரிபார்த்து, ஏசியைப் போட்டு, பண்ணைப் பாலத்தில் இருபக்கமும் கடல் பார்த்தபடி ராசா மாதிரிப் போவார். பாலம் முடிந்து பட்டினம் தொடங்கியதும் கார் நின்றுவிடும். பிறகு வாய்தான் ஓடும்.

அன்று மகள் கம்சாயினியின் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. பேச்சுப் போட்டியில் அவளுக்கு முதலிடம். ஒன்பது மணிக்கு மேடையில் அந்தப் பேச்சை மறுபடி பேசவேண்டும்.

“அப்பா, எங்களோட ஏழுமணி பஸ்ஸில வாங்கோவன்.”

“கார் நிக்கேக்க பஸ்ஸில தொங்கச் சொல்லுறியோ?”

“அப்ப எங்களையும் ஏத்திக்கொண்டு வெளிக்கிடுங்கோ” என்றாள் மனைவி பிரியவதனி.

“இப்பவோ? இன்னும் கார் கழுவேல்லை!”

தாயும் மகளும் பஸ்ஸில் போனார்கள். வாகீசன் எட்டேகாலுக்குப் புறப்பட்டார். பட்டினத்து வாசலில் வழக்கம்போல வரிசை. முன்னால் ஒரு கார், உள்ளே ஒருவர். பின்னால் ஒரு கார், உள்ளே ஒருவர். மணி எட்டு ஐம்பது. பொறுக்க முடியாமல் கண்ணாடியை இறக்கி, பக்கத்து வாகனக்காரரைப் பிடித்தார்.

“அண்ணை, தனி ஒராளுக்கு உந்தப் பெரிய வாகனம் தேவையோ?”

“தேவையில்லைத்தான். நீங்கள் எத்தினை பேர்?”

வாகீசன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பள்ளிக்கூட வீதியிலோ கார் விட ஓரடி இடமில்லை. மூன்று முறை சுற்றி, எங்கோ ஒரு மதிலோரம் விட்டுவிட்டு, வேர்க்க விறுவிறுக்க மண்டபத்துக்கு ஓடினார். பெரிய கைதட்டல். தொடங்கப்போகிறாள் என்று நினைத்து அவரும் தட்டினார். கம்சாயினி மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

“பரவாயில்லை அப்பா,” என்றாள் அவள். “ஒருக்கா உங்களைத் தேடிப் பாத்துட்டுத்தான் தொடங்கினனான்.”

 மறுநாள் வாகீசன் ஏழுமணி பஸ்ஸில் ஏறினார். அதற்கடுத்த நாளும் ஏறினார். யன்னலோரம் இருந்து, தனியாளாய்க் கார் ஓட்டுகிறவர்களின் பொறுப்பின்மை பற்றிப் பக்கத்தில் இருந்தவர் நித்திரையாகும்வரை விளக்கினார். மூன்றாம் நாள் மழை தூறியது. நாலு துளிதான்.

வாகீசன் கார் எடுத்தார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதை நெரிசலில் நின்றபடி வாசிக்கிறீர்கள் என்றால், பக்கத்து ஆசனத்தை ஒருமுறை பாருங்கள். அதில் உங்கள் கைப்பை மட்டும்தானா? அப்படியானால் ஹோர்ன் அடிக்காதீர்கள். பின்னால் நிற்கிறவர் ஏற்கெனவே உங்களைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார்.