பீட்சா கல்லும் மறையாத சூரியனும்

எனக்குப் பொய் சொல்ல வராது. அப்படிப்பட்ட நான், போயும் போயும் சூரியனைப் பற்றிப் பொய் சொன்னேன்.

எண்பதுகளில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வாக்கப்பட்டு வந்த புதிது. ஏதோ பத்திரிகையில் படித்ததை வைத்துக்கொண்டு, "எனக்குப் பீட்சா செய்யத் தெரியும்" என்று மாமனாரிடம் அளந்துவிட்டேன். (வாய் சும்மா இருந்தால்தானே!) "கனமான கல்லில் சுடவும்" என்று போட்டிருந்தான். எந்தக் கல் என்று போடவில்லை, பாவி.

வீட்டுத் தோசைக்கல் மெல்லிசு. அடி கருகி, மேல்மாவு பச்சையாகவே இருந்தது. கொல்லையில் கிடந்த கடப்பாக்கல் துண்டை அடுப்பில் ஏற்றினேன். அது டமாரென்று வெடித்ததில் கிணற்றடி வரை ஓடினேன். கடைசியில், பக்கத்தில் புதிதாகக் குடிவந்த அக்காவிடம் கனத்த இரும்புக்கல்லை வாங்கி வந்து, மூடி போட்டு மேலே தணல் கொட்டினேன். பீட்சா பொன்னிறமாக உப்பி வந்தது.

எங்களுடையது சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. அதனால் மாமனாரும் என் வீட்டுக்காரரும் ஐந்து மணிக்கே இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். பரிமாறிவிட்டுத் தண்ணீர் எடுக்கக் கொல்லைக்குப் போனேன்.

மதிலுக்கு மேல் அக்காவின் தலை தெரிந்தது.

"கல்லு எப்படிம்மா? நேத்து அதுலதான் மீன் வறுத்துக்கினு இருந்தேன். சாம்பல் போட்டுத் தேச்சுட்டேன், வாசனை வராது."

மாமனார் பிறந்தது முதல் முட்டையைக்கூடத் தொடாதவர். அவர் விரதத்தை நான் கெடுக்கப் போகிறேன்! உள்ளே ஓடினேன். அப்பா முதலில் கடிக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் காத்திருந்தார்; துண்டு மாமனாரின் வாய்க்கருகே போயிருந்தது.

"மாமா, சாப்பிடாதீங்க! பொழுது சாஞ்சிடுச்சு!"

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பினார். மேற்கு வெயில் மூக்குக்கண்ணாடியில் பளீரென்று அடித்தது. "இன்னாம்மா சொல்ற? கண்ணு கூசுதே!"

பெட்டியைக் கட்டி விழுப்புரம் பஸ் ஏற வேண்டியதுதான் என்று முடிவே செய்துவிட்டேன். அப்போது கொல்லை வாசலில் மாமியார் வந்து நின்றார். கிணற்றடியில் இருந்தவர் அக்கா சொன்ன அத்தனையையும் கேட்டிருக்கிறார். தொலைந்தேன்!

"அவ சொல்றது சரிதாங்க. பொழுது சாஞ்சாச்சு. ஜல்தியா எழுந்து கை கழுவுங்க."

கல்யாணமான நாளிலிருந்து மாமனார் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டே எழுந்து போனார்; பின்னாலேயே என் வீட்டுக்காரரும். அன்று வீடே பட்டினி. பீட்சா அக்கா வீட்டுக்குப் போனது.

"இனிமே கல்லு கேட்டா, அது இன்னா இன்னா பாத்துச்சுன்னு விசாரிச்சுக்கினு வாங்கு" என்றார் மாமியார், அடுக்களையில், காதோடு.

ஒரு வருஷம் கழித்து மாமியாரே உண்மையை உடைத்தார். மாமனார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவரும் அவர்தான்.

இன்றைக்கும் நான் புதிதாக எதையாவது செய்து வைத்தால், காலை எட்டு மணியானாலும் சரி, என் பெண் தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறாள்.

"அய்யோ அம்மா, பொழுது சாஞ்சிடுச்சே!"