வெள்ளிக்கிழமை பிளேடு

மனித இனத்தில் மருநோக்கி என்று ஓர் உட்பிரிவு உண்டு. நீங்கள் சௌக்கியமா என்று கேட்டால் உங்கள் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டார். மூக்கோரத்து மருவைப் பார்த்துச் சொல்வார். அது எப்போது வந்தது, வளர்கிறதா, உங்கள் அப்பாவுக்கும் இருந்ததா என்று விசாரித்து, சுண்ணாம்பு தடவு, ஊதுபத்தியால் சுடு, கோயிலில் உப்பும் மிளகும் போடு என்று மூச்சுவிடாமல் அடுக்கி, டாக்டரிடம் மட்டும் போகாதே என்று முடிப்பார். கட்டணம்? ஒரு டீ.

சதுரங்கப்பட்டினத்தில் எங்களுக்கு வாய்த்தவர் மீன் வியாபாரி லோகு. வெயிலோ மழையோ, தலைத்துண்டைப் புருவம்வரை இறக்கிக் கட்டியிருப்பார். பக்கத்து வீட்டுச் சிங்காரத்தின் மூக்கோரத்தில் மிளகளவு மரு; சவரம் செய்யும்போதெல்லாம் ரத்தம். மரத்துப்போக ஊசி போட்டு மேலோடு சீவி எடுத்துவிடலாம், தையல்கூட வேண்டாம், சீவியதைச் சோதனைக்கு அனுப்பிப் பார்ப்போம் என்றார் செங்கல்பட்டு தோல் டாக்டரம்மா. சோதனை என்று கேட்டதிலிருந்து சிங்காரத்தின் மனைவி யோகேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டரம்மா வருவதோ செவ்வாயும் வெள்ளியும். லோகு அங்கேதான் பிடித்துக்கொண்டார்.

"செவ்வா, வெள்ளில மூஞ்சில பிளேடு படலாமா அண்ணாத்த? வூட்டுல கீற லச்சுமி பூடும்."

சிங்காரம் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். லோகு சும்மா இருப்பாரா? மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய், சவாரிக் குதிரையின் வாலில் ஒரு முடி பிடுங்கி வந்து மருவில் இறுக்கிக் கட்டினார். குதிரை பொறுத்துக்கொண்டது. மூக்கு பொறுக்கவில்லை, தக்காளியாக வீங்கியது. யோகேஸ்வரி முடியை அறுத்தெறிந்து, வீக்கம் வடிந்த கையோடு ஒரு வெள்ளிக்கிழமை புருஷனை பஸ்ஸில் ஏற்றினாள். துணைக்கு நானும் போனேன்.

உள்ளே போன சிங்காரம் சின்னப் பிளாஸ்திரியோடு சீக்கிரமே வெளியே வந்தார். வரிசையில் அடுத்து எழுந்தவர் யார்? துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்ட லோகு. நெற்றியில் சுண்டைக்காயளவு மரு; சுற்றிலும் சுண்ணாம்பு வெந்த தழும்பு, ஊதுபத்தி சுட்ட தழும்பு.

"இன்னா லோகண்ணா, வெள்ளிக்கெழமையாச்சே?" என்றாள் யோகேஸ்வரி.

"டாக்டரம்மா செவ்வா, வெள்ளிதான வருது." தரையைப் பார்த்துச் சொன்னவர், குரலைத் தாழ்த்தினார். "பயமா கீதும்மா. கொஞ்சம் கூட வரியா?"

திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். எழுந்து கூடப் போனாள். பிறகு இருவர் சோதனையிலும் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. யோகேஸ்வரி அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

நமக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது என்கிறீர்களா? படிக்கும்போது யாருடைய மரு நினைவுக்கு வந்தது, அதற்கு என்ன தடவச் சொல்லத் தோன்றியது? யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அது கிடக்கட்டும், உங்கள் காதோரத்தில் ஒன்று தெரிகிறதே, எத்தனை நாளாக?